ஜெபத்தில் வைக்கப்பட்டவர்கள்

பிளம்பருடைய மாமியார் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அதே செவ்வாய்க்கிழமை காலையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வீட்டுச் சோபாவிலும் உட்கார்ந்திருந்தார். இரண்டும் அந்த மாமியாரேதான். சோபாவில் இருந்தவர் பேசவில்லை, சாப்பிடவில்லை. மின்விசிறிக்கு நேராக மட்டும் நகர்ந்துகொண்டார். மறுநாள் அவர் பக்கத்தில் வேலை பறிபோன லாரி டிரைவர். வாரக் கடைசியில் பரீட்சையில் தவறிய ஒரு பெண், இடமில்லாமல் செருப்பு அலமாரியின் மேல்.

காரணத்தைப் பிடித்தது கடைக்காரரின் மனைவி. கடைக்காரர் சபையில் மூப்பர். அவர் ஜெபிக்க எழுந்தால் பின்வரிசைக்காரர்கள் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள், அவ்வளவு நீளம். யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும், கண்ணாடியைத் துடைத்தபடியே, "ஜெபத்துல வச்சுக்கறேன்" என்பார். அடுத்த வாடிக்கையாளர் உள்ளே வருவதற்குள் அது மறந்துவிடும். வாயோடு வைத்திருந்த ஆட்களை இப்போது வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"வச்சுக்கறேன்னு சொன்னீங்கல்ல, வச்சுக்கோங்க," என்று மனைவி இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஜெபித்தால் போய்விடுவார்கள் என்று மூப்பர் முழங்காலிட்டார். வானத்திலும் பூமியிலும் தொடங்கி, ராஜாக்களையும் தேசங்களையும் சுற்றி அவர் இடுப்புக்கு வந்து சேர்வதற்குள் மாமியார் கொட்டாவி விட்டார். மூச்சு முட்டி, "இந்தம்மாவுக்கு வலி குறையட்டும்ப்பா" என்று மூப்பர் முனகியதும் அந்தம்மா எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறினார். ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வலி அப்படியேதான் இருந்ததாம். டிரைவருக்கும் அதே அளவில் முனகிப் பார்த்தார், ஆள் அசையவில்லை. தெரிந்த முதலாளியிடம் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பியபோது இடம் காலியாயிருந்தது. பரீட்சைக்காரியோ, மூப்பர் கண்ணை மூடுவதற்கு முன்பே சலித்துப்போய்க் கிளம்பிவிட்டாள். இதில் எது சட்டம் என்று மூப்பருக்குப் பிடிபடவில்லை. பார்க்க வந்த போதகர், இது தரிசனம், இதை மூன்று பகுதியாகப் பிரசங்கிக்கலாம் என்றார். வாசலில், "சரி மூப்பரே, உங்களை நான் ஜெப..." என்று ஆரம்பித்தவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அன்றிலிருந்து சபையில் ஒருவரும் அந்த வார்த்தையை எடுப்பதில்லை. ஆராதனை சீக்கிரம் முடிந்துவிடுவதில் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

சோபா காலியாகிச் சில மாதம் கழிந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட வந்த மூப்பர், சோபாவில் இருந்த மனைவியிடம் தட்டு வைக்கச் சொன்னார். தட்டு சமையலறையிலிருந்து வந்தது. கொண்டுவந்ததும் மனைவிதான்.

அவள் சோபாவில் இருந்த தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எல்லாரும் எழுந்து போகட்டும்னு காத்துட்டிருந்தேன் போல."

எதற்கு ஜெபிக்கக் கேட்டாய், எப்போது கேட்டாய் என்றார் மூப்பர்.

"சொன்னேன். வச்சுக்கறேன்னீங்க. இப்ப எனக்கே சரியா ஞாபகமில்லங்க."

மூப்பர் முழங்காலிட்டார். "ஆண்டவரே" வரைக்கும் வந்தது. அதற்குமேல் எதைக் கேட்பது? சரியான வார்த்தை தற்செயலாக வாயில் வந்துவிட்டால் இவள் எழுந்து போவாள். போகிறவள் எந்த மனைவி என்பதும் அவருக்குத் தெரியாது. எழுந்து சோபாவில் அவளை ஒட்டி உட்கார்ந்தார். அன்று கடை திறக்கவில்லை. சாயங்காலம் பாத்திரம் தேய்த்தார். அது ஜெபத்தில் சேருமா என்று யாரைக் கேட்பது என்று விளங்கவில்லை. தினமும் "இன்னிக்கு எப்படியிருக்கு உனக்கு?" என்று இருவரையும் பார்த்துக் கேட்கிறார். ஒருத்தி பதில் சொல்கிறாள். பதில் நீளமாக இருக்கிறது; உட்கார்ந்து கேட்கிறார்.

கண்ணாடிக் கடை இப்போதெல்லாம் மத்தியானத்தில் பூட்டியிருக்கும். மூன்று பேரும் டீ குடிக்கிற நேரம். சோபாவில் இருப்பவள் குடிப்பதில்லை. ஆனால் டம்ளர் வைக்காவிட்டால் முகம் வாடிவிடுகிறது.