முந்திச் சிரிக்கிறவர்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் வழுக்கையிலிருந்து பிறந்தது. நகைச்சுவைக்காரனுக்குக் கடிவாளமே கூடாது என்று மூன்று கட்டுரை எழுதியவன் நான். போன வாரம் ஒரு நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் நின்றவன் என் தலையைக் காட்டி, “அந்த விளக்கை யாராவது அணைங்கப்பா, கண்ணு கூசுது” என்றான். அரங்கம் அதிர்ந்தது. வீடு வந்து சேர்வதற்குள் நான்காவது கட்டுரைக்குத் தலைப்பு தயார்: ‘எதற்கும் ஓர் எல்லை உண்டு.’

(மனைவி: “உங்க கொள்கைக்கு முடி இருந்தவரைக்கும்தான் ஆயுசா?” அதனால் கட்டுரை கைவிடப்பட்டு, கதையானது.)

2
“சிரிப்பு என்பது மானுடத்தின்…”

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.

ஒரு நகைச்சுவைக்காரன். பட்டப்பெயர் வெடிவாயன். அக்கா வீட்டு மாடியறையில் ஓசியில் குடியிருக்கிறான். அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது அக்கா புருஷனின் திக்குவாய். மேடையில் அவன் சொல்வது இது: தீயணைப்பு நிலையத்துக்கு அத்தான் போன் போடுவார்; அவர் முகவரியைச் சொல்லி முடிப்பதற்குள் நெருப்பே அலுத்துப்போய் அணைந்துவிடும். [எழுதும்போது சிரித்துவிட்டேன். என்ன செய்ய?]

அத்தான் எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார், சிரிப்பார். யாராவது முகம் சுளித்தால் வெடிவாயன், “சம்பந்தப்பட்டவரே சிரிக்கிறார், உங்களுக்கென்ன நோவு?” என்பான்.

3
நாளை அவனுக்கு முதல் பெரிய அரங்கு. சாப்பாட்டு மேசையில் போன நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறான். சிரிப்பு எங்கே கிளம்புகிறது என்று பார்த்து வார்த்தைகளை நறுக்குவது அவன் வழக்கம். பக்கத்தில் அக்கா துணி மடிக்கிறாள்.

“நிறுத்து. மறுபடி போடு.”

போட்டான்.

“யாருடா அது, முதல்ல சிரிக்கிறது?”

“அத்தான்தான். விக்கல் மாதிரி வருதே, தெரியலை?”

“நீ இன்னும் பாதிகூடச் சொல்லலையேடா!”

அதற்கு முந்தைய பதிவைப் போட்டான். அதிலும் அப்படியே.

“ஊர் சிரிக்கிறதுக்கு முன்னாடி தானே சிரிச்சுக்கிறார்டா” என்றாள் அக்கா. “அடி விழப்போகுதுன்னு கண்ணை மூடிக்கிற மாதிரி.”

[இங்கே வெடிவாயன் கண்கலங்கினான் என்று எழுதி அடித்தேன். அவன் நினைத்தது: ‘நல்ல வரி, மேடைக்கு ஆகும்.’ நானும் அதைத்தான் நினைத்தேன்.]

“நாளைக்கு அந்தத் திக்குவாய் ஜோக்கைச் சொன்னேன்னா, மாடிச் சாவியை இங்க வச்சுட்டுப் போயிடு.”

“அதை எடுத்துட்டா எங்கிட்ட என்னக்கா மிச்சம்? நாளைக்கு ஒருநாள்தான் எனக்கு!”

4
முடிவு ஒன்று: வெடிவாயன் அதைச் சொல்லவில்லை. அரங்கில் இருமல் மட்டும் கேட்டது. மனசாட்சி கைதட்டியது, ஆனால் மனசாட்சி டிக்கெட் வாங்குவதில்லை.

முடிவு இரண்டு: சொன்னான். கூரை பறந்தது. சுதந்திரம் வாழ்க. முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும்…

இரண்டுமே கட்டுரை நாற்றம் அடிக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நான் கூப்பிடாமல், அத்தான் அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“அத்தான், நீங்களே சொல்லுங்க. நாளைக்கு அது வேணுமா, வேண்டாமா?”

அத்தான் வாயைத் திறந்தார். சொல் தொண்டையிலேயே நின்றது.

“வேண்டாம்னுதான் சொல்ல வர்றார்” என்றாள் அக்கா.

“ஐயோ, தாராளமாச் சொல்லுங்கறார்க்கா!”

அத்தான் கையை உயர்த்தினார். இருவரும் அடங்கினார்கள். அந்தக் கை எனக்கும் சேர்த்துத்தான். அவர் வாயில் போட என்னிடமும் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

பேனாவை மூடிவிட்டேன். தயவுசெய்து நீங்களும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் நேரமாகும்.

அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.