அப்பா போட்ட முடிச்சு

"கயிறோட போடக்கூடாதும்மா. கிளை அரைக்கற மெஷின்ல சுத்திக்கும். அவுத்துட்டுப் போடுங்க" என்றார் குப்பைக் கிடங்கின் காவலாளி.

அக்கா வேனின் பின்கதவைப் படாரென்று திறந்தாள். உள்ளே நேற்று அப்பா வெட்டிய கிளைகள். பாதியைக் கட்டுக்கட்டாகக் கட்டி வாசலில் அடுக்கிவிட்டு, மீதியை வெட்ட மறுபடி ஏணியில் ஏறியபோதுதான் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மதியம் அவரைக் கொண்டுவரும் வண்டி உள்ளே நுழைய வேண்டும். அதற்காகத்தான் வாசலை அடைத்துக் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு அவளும் தம்பியும் வந்திருந்தார்கள்.

தம்பி செல்போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"போனை வை."

"மாமாக்கு வழி தெரியலக்கா..."

"வைடா!"

வைத்தான். "எதுக்கு இப்படி எரிஞ்சு விழுற? ஞாயித்துக்கிழமை வந்து வெட்டித் தரேன்னு சொல்லித்தானே இருந்தேன். அவருக்குத்தான் பொறுமை இல்ல."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

அவன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"மழைக்கு முன்னாடி சொன்ன. மழை விட்டும் சொன்ன. வாராவாரம் ஏணியை எடுத்துச் சாத்தி வெச்சுட்டு உனக்காகக் காத்துக் கிடப்பாருடா. ஆள் வெச்சு வெட்டிடலாம்ப்பான்னா, 'வேணாம், அவன் வரேன்னுருக்கான்'னு என் வாயை அடைச்சுடுவாரு. பொறுமை இல்லையாம்ல, பொறுமை!"

தம்பி வேனுக்குள் குனிந்து ஒரு கிளைக்கட்டை இழுத்துக் கீழே போட்டான். முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. முன்சீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தான்.

"வெட்டாதே."

"நேரமாச்சுக்கா. வெறும் கயிறுதானே?"

"அவர் கையால கட்டினது. உன் கையால அவுத்து விடு. கத்தி பட்டுது, அவரைத் தூக்கறப்போ உன்னைப் பக்கத்துலயே விடமாட்டேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கத்தியை வேனுக்குள் எறிந்துவிட்டு மண்ணில் மண்டியிட்டான். முதல் முடிச்சு எப்படியோ இளகியது. இரண்டாவதில் நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், உதவவில்லை.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்திக்கொண்டே வந்த காவலாளி, கீழே இருந்தவனின் விரல்களைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, கையை வீசி, காத்திருந்த வண்டிகளை அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார்.