கசற்றின் மற்றப் பக்கம்

நேசமலர் எடுத்தது அந்தக் கடையில் இருந்ததிலேயே ஆகப் பெறுமதி குறைந்த கசற்றைத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு அவளைக் கள்ளி என்று நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு நினைக்கட்டும்.

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் இருந்தது ஊவேயின் இசைத்தட்டுக் கடை. ஹெவி மெட்டலைத் தவிர வேறொன்றும் விற்கமாட்டான். சுவர் முழுக்க மண்டையோடுகள், கொம்பு முளைத்த பிசாசுகள், இரத்தம் சொட்டும் வாள்கள். நேசமலர் கிழமையில் மூன்று நாள் காலையில் போய்க் கூட்டித் துடைப்பாள். மன்னாரில் ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாதவள், முதல் மாதம் முழுக்கச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் உள்ளே காலடி வைத்தாள். பிறகு பழகிவிட்டது. பிசாசுக்கும் தூசி பிடிக்கத்தானே செய்கிறது.

ஊவேக்கு நாற்பது வயது, இடுப்புவரை தலைமுடி, குழந்தைப்பிள்ளையின் மனம். விற்காத கசற்றுகளை மேசைக்குக் கீழே ஒரு மஞ்சள் பெட்டியில் போட்டுவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். அது அவளுக்குப் பெரிய உதவி. அவளுடைய தாய் மக்டலீன் மடு மாதா கோயில் அகதி முகாமில் இருந்தாள். எழுத வாசிக்கத் தெரியாது. எனவே கடிதமெல்லாம் குரலில்தான். ஒரு பக்கத்தில் இவள் பேசி அனுப்புவாள். தாய் கேட்டுவிட்டுத் திருப்பிப் போட்டு, மற்றப் பக்கத்தில் பதில் பேசி அனுப்புவாள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் அதுதான் வழக்கம். அச்சடித்த பாட்டுக் கசற்றாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்ன ஓட்டைகளையும் பிளாஸ்ரரால் ஒட்டிவிட்டால் அதன்மேல் பேசலாம். எத்தனையோ பாடகர்கள் அப்படித்தான் எங்கள் சனத்தின் சுகசெய்திக்குள் அமிழ்ந்துபோனார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி மாதம். ஜெர்மனியின் மேற்குக் கோடியில் உள்ள கேவலார் மாதா கோயில் திருநாளுக்கு மன்னாரில் இருந்து ஒரு பங்குச் சுவாமி வருகிறார், திரும்பிப் போகும்போது மடுவுக்கும் போவார் என்று செய்தி வந்தது. அங்கே போக வெள்ளி இரவு பஸ். வெள்ளி காலை நேசமலர் மஞ்சள் பெட்டியை இழுத்தாள். உள்ளே எல்லாம் பளபளவென்று அட்டை போட்டவை. ஊவே மனம் மாறி விற்றால் ஒன்றுக்கு ஐந்து மார்க் வருமே என்று அவளுக்கு எடுக்க மனம் வரவில்லை. பெட்டியின் மூடிமேல் ஒன்று தனியாகக் கிடந்தது. அட்டை இல்லை, பேனையால் கிறுக்கிய எழுத்து, ஒட்டிய தாள் பாதி உரிந்திருந்தது. இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று அதை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அரை நிமிடம் போட்டுப் பார்த்தாள். தகரக் கொட்டிலை நாலு பேர் சேர்ந்து பிரிப்பதுபோல ஒரு சத்தம். நடுவில் ஒருவன் கத்தினான். கசற் பழுதாகிவிட்டது என்றே நினைத்தாள். ஓட்டைகளை ஒட்டினாள். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, தாயின் முழங்காலில் இருந்து கொட்டில் கூரை வரைக்கும் எல்லாவற்றையும் விசாரித்து அரை மணித்தியாலம் பேசினாள். சுவாமியின் கையில் கொடுத்தபோது மனம் நிறைந்திருந்தது.

மூன்று கிழமை கழித்து ஒருநாள் கடைக்குப் போனால் கடை தலைகீழாகக் கிடந்தது. ஊவே நிலத்தில் முழங்காலில் நின்று அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். வாசலில் அவனுடைய இருபது வருடக் கூட்டாளி டெட்லெவ் நின்றான். இருவருக்கும் வாய்த்தர்க்கம். நேசமலரின் ஜெர்மன் கொச்சையானதுதான். ஆனாலும் ஒரு சொல் விளங்கியது. ஊவே டெட்லெவைக் களவெடுத்தவன் என்றான். டெட்லெவ் கழுத்தில் தொங்கிய கடைக் கதவின் திறப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பிறகு ஊவே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல அவளுக்குச் சொன்னான். வேல்ஸ் நாட்டில் கல்லுடைக்கும் ஊர் ஒன்றில் பிளாக் குவாரி என்று ஒரு குழு இருந்தது. ஐந்து பேர். அவர்கள் உலகத்தில் விட்டுப்போன சத்தமெல்லாம் இவ்வளவுதான்: எண்பதில் இரண்டு பாட்டுள்ள சின்ன இசைத்தட்டு, எண்பத்தொன்றில் தாங்களே பதிந்து முப்பது பிரதி மட்டும் எடுத்த கசற், எண்பத்துமூன்றில் ஒரு பெரிய இசைத்தட்டு. பாடகன் செத்துப்போனான், குழு கலைந்தது. சொந்த ஊரில் அவர்களை மறந்துவிட்டார்கள், ஜெர்மனியில் மறக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிடியாகப் போட ஊவே ஆறு வருடமாக அலைகிறான். முப்பது கசற்றில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ட்ரம் அடித்தவர் அதைத் தபாலில் இரவலாக அனுப்பியிருந்தார்.

“பேனையால் எழுதியிருக்கும். நீங்கள் எங்காவது கண்டீர்களா, திருமதி நேசா?”

நேசமலர் “இல்லை” என்றாள். தும்புத்தடியை எடுத்துக் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

“ஏன் இன்னொண்டில பதிஞ்சு வைக்கயில்லை?” என்று ஒருவாறு கேட்டும்விட்டாள். பழைய நாடா, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தேயும், ஸ்ரூடியோவில் ஒரே ஒரு தடவை ஓட்டவென்று தொடாமல் வைத்திருந்தேன் என்றான். மனிதன் அப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருக்கிறான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுப் பல்கனியில் நின்று தெருவைப் பார்ப்பாள். சோறு அடிப்பிடிக்கும். ரயிலில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவாள். பூசையில் முழங்காலில் நின்றால் டெட்லெவ் திறப்பைக் கழற்றியதுதான் கண்ணுக்குள் வரும். புருசன் சூசைதாசனிடம் சொன்னாள். அவன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், ஆறு மாதத்துக்கொரு முறை நீட்டிக்கொள்கிற விசாத் தாளைச் சட்டைப்பையில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவன்.

“உனக்கென்ன விசரே? வாயைப் பொத்திக்கொண்டு இரு. கடையில களவெண்டு ஒரு பொலிஸ் தாள் எழுதுப்பட்டால் காணும், எங்கட விசாவை ஆர் நீட்டுவான்?”

“நான் களவெடுக்கயில்லையே.”

“அதை நீ எந்தப் பாசையில அவங்களுக்கு விளங்கப்படுத்துவாய்?”

சரியான கேள்விதான். அந்தக் கேள்வியோடு ஐந்து கிழமை இருந்தாள். கடையில் அவள் கை பட்ட இடமெல்லாம் மினுங்கியது. பிசாசுகளின் கொம்புகூட மினுங்கியது. ஊவே மட்டும் மினுங்கவில்லை. டெட்லெவ் வந்து குந்தும் முக்காலி வெறுமையாகக் கிடந்தது. ஐப்பசியில் ஒருநாள் ஊவே அந்த முக்காலியைத் தூக்கிக் குப்பையோடு வைத்தான். அதற்குமேல் அவளுக்கு ஏலாமல் போய்விட்டது.

தனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாள். மஞ்சள் பெட்டி, மூடி, கேவலார், சுவாமி, அம்மா. ஒட்டிய பிளாஸ்ரரைக்கூட விரலால் காட்டினாள். ஊவே கத்தவில்லை. மூடிமேல் நானேதான் வைத்தேன், ரெலிபோன் அடித்தது, எடுக்கப் போனேன் என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு கேட்டான்:

“எந்தப் பக்கம்?”

“எழுத்து இருந்த பக்கம்.”

“அப்படியென்றால் மற்றப் பக்கத்தில் நாலு பாட்டு இருக்கிறது!” முகத்தில் இரத்தம் வந்தது. அடுத்த கணம் அவனுக்கே வழக்கம் விளங்கியது. “அம்மா அதில் பதில் பேசுவாவா?”

“ஓம்” என்று தமிழிலேயே சொன்னாள்.

அவன் பரபரத்தான். ரெலிபோன் எடுக்க முடியாதா, யாரையாவது பிடித்துச் சொல்ல முடியாதா, வேறு கசற் பத்து அனுப்புகிறேன், அந்தப் பக்கத்தில் மட்டும் பேச வேண்டாம் என்று ஒரு வார்த்தை. மன்னார் ஆயர் இல்லத்துக்கு எடுத்துச் சொன்னால் பத்து நாளில் மடுவுக்குப் போய்ச் சேரும் என்று நேசமலருக்குத் தெரியும். நின்று யோசித்தாள். பிழை அவளுடையது. அவன் கேட்பதும் நியாயம்.

“வாழ்நாள் முழுக்கக் காசு வாங்காமல் கூட்டுறன்,” என்றாள். “பொலிசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுங்கோ. ஆனால் என்ர அம்மாவைப் பேசவேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். அவ பேசி எட்டு மாசம்.”

ஊவே மஞ்சள் பெட்டியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளினான். பிறகு, “இல்லை. அப்படிச் சொல்லக்கூடாதுதான்” என்றான். வெளியே போய் முக்காலியை உள்ளே எடுத்து வைத்தான். பின்னேரம் டெட்லெவின் வீட்டுக்குப் போனான். அங்கே என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. அடுத்த கிழமை டெட்லெவ் முக்காலியில் குந்தியிருந்தான், சிரிப்பில்லாமல்.

அதற்குப் பிறகு தொடங்கியது விசித்திரமான காத்திருப்பு. ஒரே தபாலுக்காக இரண்டு பேர் தவம் கிடந்தார்கள். அவளுக்கு அதில் தாயின் குரல் இருக்க வேண்டும். அவனுக்கு இருக்கக்கூடாது. “வந்ததா?” என்று அவன் கேட்பான். “வரயில்லை” என்பாள். இருவரும் பெருமூச்சு விடுவார்கள், இரண்டும் வேறு வேறு பெருமூச்சு. இப்படி எதிரும் புதிருமான நேர்த்தியைக் கேட்டு மாதாவே தலையைப் பிய்த்திருப்பா. மார்கழி போனது. தை போனது. சண்டைச் செய்தி வரும் நாளில் கசற்றை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருக்கும். அம்மா இருந்தால் போதும் என்று நினைப்பாள். விடிந்தால் மறுபடி தபால்பெட்டிக்கு ஓடுவாள்.

மாசியில் வந்தது. கொழும்பு முத்திரை, பழந்துணியில் சுற்றிய கசற். அதைக் கைப்பைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். வீட்டில் தனியே கேட்டிருக்கலாம். கேட்க நினைத்தாள். அவனை விட்டுக் கேட்பதுதான் களவு என்று பட்டது.

ஊவே கதவைப் பூட்டினான். டெட்லெவும் நின்றான். முதலில் எந்தப் பக்கம் என்று ஊவே கண்ணாலேயே கேட்டான். அவள் எழுத்துள்ள பக்கத்தைக் காட்டினாள். தன் குரலைத்தான் எதிர்பார்த்தாள். வந்தது தாயின் குரல்.

“பிள்ளை நேசம், அம்மா பேசுறன்.”

குரல் ஒரு நேரம் கீச்சிட்டது, ஒரு நேரம் தடித்தது. பின்னால் ஏதோ சுழல்கிற சத்தம். சண்டையால் மடுப் பகுதியில் பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில்தான் கசற் றேடியோ ஓடும்.

“பர்னாந்து அண்ணைதான் சுத்துறார். உன்ர கதையை அஞ்சு தரம் கேட்டுப்போட்டன். பிறகு மற்றப் பக்கத்தைத் திருப்பினம். ஆரோ ஒரு பொடியன் கத்துறான், மோனை. இடையில நீ வருவாயெண்டு கடைசிமட்டும் கேட்டனான். நீ வரயில்லை. பர்னாந்து அண்ணை சொன்னார், இது வெள்ளைக்காரற்ற பாட்டு, அதுக்கு மேல பேசு தங்கச்சி எண்டு. நாடாவைக் கொஞ்சம் பின்னுக்குச் சுத்திப்போட்டுப் பேசத் தொடங்கினன். மனம் கேக்கயில்லை. அவனும் ஆரோ பெத்த பிள்ளை. என்ன துன்பத்தில கத்தினானோ. அழிச்சுப்போட்டால் அவன்ர தாய்க்கு என்ன இருக்கு? உன்ர கதை எனக்கு மனப்பாடம். அதாலதான் உன்ர பக்கத்தில பேசுறன், குறை நினையாதை.”

இன்னும் பேசினாள். முழங்கால், கூரை, கிணற்றுத் தண்ணீர். கடைசியில், “பர்னாந்து அண்ணைக்குக் கை உளையுது. நிப்பாட்டுறன்” என்றாள். சுழல்கிற சத்தம் மெல்ல மெல்ல நின்றது.

நேசமலர் வாய்விட்டு அழுதாள். என்ன சொல்கிறா, என்ன சொல்கிறா என்று ஊவே தவித்தான். சொன்னாள். அவன் கசற்றைத் திருப்பிப் போட்டான். தகரக் கொட்டில் இடிந்து விழுவதுபோல ட்ரம் இறங்கியது. டெட்லெவ் ஊவேயின் தோளைப் பிடித்து உலுப்பினான். ஒரு பாட்டு, இரண்டு, மூன்று. நாலாவது பாட்டு முடியப்போகும் இடத்தில், அந்தப் பாடகன் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, சட்டென்று எல்லாம் அறுந்து சைக்கிள் சுழலும் சத்தம் வந்தது.

“பிள்ளை நேசம், அம்மா… பொறுங்கோ பர்னாந்து அண்ணை, நிப்பாட்டுங்கோ. பாவம், அவன் பாடட்டும்.”

பதினொரு விநாடி. பிறகு பாட்டு விட்ட இடத்துக்கு அப்பால் வந்து தொடர்ந்து முடிந்தது.

ட்ரம் அடித்தவருக்கு ஊவே உண்மையை எழுதினான். அழிந்துபோன அந்த நாலு பாட்டும் எப்படியும் மோசமானவைதான் என்று பதில் வந்தது. ஸ்ரூடியோக்காரன் பதினொரு விநாடியையும் வெட்டி, வெட்டிய இரண்டு முனையையும் ஒட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றானாம். பழுதென்றால் வெட்டுங்கோ என்றுதான் நேசமலரும் சொன்னாள். ஊவே கேட்கவில்லை. அவர்கள் பதிந்ததில் மிஞ்சியது முழுவதும் என்று அட்டையில் போடப்போகிறேன், உங்கள் அம்மா இல்லாவிட்டால் அது பொய் என்றான்.

வைகாசியில் சிடி வந்தது. ஊவே அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து அவள் முன்னால் வைத்தான். குரல், கிற்றார், பேஸ், ட்ரம் என்று ஐந்து வேல்ஸ்காரரின் பெயர்கள். அவற்றுக்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில் இரண்டு வரி:

மக்டலீன், மடு: குரல்.
பர்னாந்து, மடு: சைக்கிள்.

எழுதத் தெரியாத தாயின் பெயரை நேசமலர் விரலால் தொட்டு வாசித்தாள். டெட்லெவ் எழுந்து முக்காலியை அவள் பக்கம் தள்ளினான். இரண்டு வருடமாக அந்தக் கடையில் அவள் ஒருநாளும் குந்தியதில்லை. தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு அன்றைக்குத்தான் குந்தினாள்.

“போடுங்கோ,” என்றாள். “கடைசிப் பாட்டு.”