மரத்தில் வைத்ததும் நிற்கும் விக்கல்

மரம் அறுக்கும் மிஷினைச் சாக்கில் சுற்றி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, ரஞ்சித்குமார் கோவளம் வந்து சேர்ந்தான். வழியெல்லாம் அவனுக்கு இருந்த கவலை ஒன்றே: தெரிந்தவர் யார் கண்ணிலும் அது பட்டுவிடக் கூடாது. நேற்றுவரை அதைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தவன் அவன்.

அவன் படாளத்துக்காரன். விவசாயக் குடும்பம். தோப்பு வெட்டும் வேலைக்கு வந்த பிறகு, பிறருடைய குழுவில் கூலியாளாகப் பல காலம் உழைத்து, இந்த மிஷினை வாங்கித் தனக்கென ஒரு குழு சேர்த்தவன். மிஷின் இருக்கும்வரை அவன் மேஸ்திரி. அது நின்றால், மறுநாள் காலை வேறொருவர் குழுவில் கிளை பொறுக்க நிற்க வேண்டியவன்.

கூவத்தூர்ப் பக்கம் ராஜாராமின் சவுக்குத் தோப்பில் நேற்று நடந்தது அந்த அளவுக்குக் கொண்டு வந்து விட்டிருந்தது. கைப்பேசியில் எவனோ செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு, மிஷினின் சைலன்சரை ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்து, வாயை அகலத் துளைத்து வாங்கியிருந்தான் ரஞ்சித்குமார். திருவிழா நாளில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரைச் சுற்றும் பைக்குகளைப் போல அது வீறிட்டது. அந்தச் சத்தத்தில் அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவனுடைய மனைவியின் தம்பி சீனு, "மச்சான், சிங்கம் மாரி கீது!" என்று துள்ளினான். பிற்பகலில் அந்தச் சிங்கத்தின் வாயிலிருந்து ஒரு பொறி பறந்து, காய்ந்து மெத்தையாகக் கிடந்த சவுக்குச் சருகில் விழுந்தது. ஈரச் சாக்கால் எல்லாரும் அடித்து அணைப்பதற்குள் ஒரு வரிசை மரங்களின் அடிப்பட்டை கருகிவிட்டது.

ராஜாராம் கத்தவில்லை. "நாளான்னிக்கு ஒரு நாள் பாக்கறேன். அன்னிக்கும் ஒரு பொறி பறந்துது, ஒன்னையும் ஒன் மிஷினையும் ரோட்டுல வெச்சிருவேன். இந்த வேலைய மரக்காணத்து ஆளுங்க கேட்டுகினுதான் கீறாங்க" என்றார்.

கோவளத்தில் மேரியைத் தேடிப் போகச் சொன்னவர் ஒரு படகுக்காரர். "படகு இன்ஜினும் ஒன் மிஷினும் ஒரே சாதி. ரெண்டுமே பெட்ரோல்ல ஆயில் கலந்து குடிக்கற சாதி. அந்தம்மா காது வெச்சாங்கன்னா இன்ஜின் பொய் சொல்லாது" என்றிருந்தார்.

கடற்கரைக்குப் போகும் சந்தில் இருந்தது பட்டறை. அதன் ஒழுங்கு ரஞ்சித்குமாரைத் திகைக்க வைத்தது. சுவரில் ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதே உருவம் வெள்ளைப் பெயின்ட்டில் தீட்டப்பட்டிருந்தது. எடுத்தது திரும்பி வரவில்லை என்றால் அந்த வெள்ளை உருவம் வருபவர் அனைவரிடமும் கோள் சொல்லும். மேரியின் கணவன் கிருபாகரன் வெல்டிங் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, சாக்குல கோழியா?"

"மிஷினுண்ணே. மரம் அறுக்கறது. படாளத்துலருந்து வரேன்."

மேரி சாக்கைப் பிரித்தாள். நடுத்தர வயது, ரஞ்சித்குமாரின் வயதேதான் இருக்கும். ஆனால் கோவளத்தில் கிழவர்களும் அவளை மேரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சைலன்சரின் பிய்ந்த வாயை அவள் சற்று நேரம் பார்த்தாள்.

"சல்லட எங்க?"

"சல்லடையாக்கா?"

"பொறிய தடுக்க வாயில சின்னதா ஒரு கம்பி வல இருந்திருக்குமே."

"அது கரி புடிச்சி அடைச்சிகினு கெடந்துது. தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க வேல செய்யற?"

"சவுக்குத் தோப்புல."

"சவுக்குத் தோப்ப கொளுத்த தீப்பெட்டி போதுமே, படாளம். இத்தினி கனத்த எதுக்குத் தூக்கற?"

கிருபாகரன் உரக்கச் சிரித்தான். ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அங்கிருந்து போய்விடவில்லை. போனால் மறுநாள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மேரி ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தாள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் கழன்ற வரிசையிலேயே தட்டின் விளிம்பை ஒட்டி உட்கார்ந்தது. சைலன்சர் தனியே வந்ததும், அது இருந்த இடத்தின் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, அவனையும் குனியச் சொன்னாள். உள்ளே பிஸ்டனின் பக்கவாட்டில், சீப்பால் இழுத்தது போல மெல்லிய கீறல்கள் தொடங்கியிருந்தன.

"தப்பிச்ச. இன்னும் ரெண்டு மரம் அறுத்திருந்தா அப்டியே புடிச்சிகினு நின்னிருக்கும்."

"சத்தம் சூப்பரா இருந்துதேக்கா..."

"வாயத் தொறந்து வுட்டுட்ட. பொக சீக்கிரம் வெளிய போவுது, காத்து நெறைய உள்ள வருது. பெட்ரோலு? அது பழைய அளவுதான வருது? ஆயிலும் அதுங்கூடத்தான வரணும்? அது கத்தனது குஷியில இல்ல. தாகத்துல."

 வேலையைத் தொடங்கினாள். ரஞ்சித்குமார் ஒரு பெட்ரோல் கேன்மீது உட்கார்ந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க, வந்த காரியத்தையே மறந்தான்.

முதலில் அவள் இன்ஜினின் துவாரத்தை ஒரு சிவப்புத் துணியால் அடைத்தாள். அராவும் தூள் ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாதென்று, சைலன்சரை இன்ஜினிலிருந்து எட்டத்தில் வேறு மேசைக்குக் கொண்டுபோனாள். ஒரு பிளக் பெட்டியின் அட்டையை இன்ஜின் துவாரத்தின் அளவுக்கு வெட்டி, "உள்ளருந்து வர்ற வழியவிட வெளிய போற வழி பெருசா இருக்கக் கூடாது. இருந்தா சத்தந்தான் மிச்சம்" என்று கிருபாகரனிடம் நீட்டினாள். லேத்துக்காரன் போட்ட ஓட்டை பெட்ரோல் டேங்கையும் பிடிக்கும் கையையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கிருபாகரன் அதைத் தகடு வைத்து முழுக்க அடைத்தான். புதிய வாயை முன்புறத்தில், ஆளை விட்டு விலகி வெளியே பார்க்குமாறு, அட்டையின் அளவைவிடச் சிறியதாகத் திறந்து, அதற்கு ஒரு குட்டைக் குழாயும் வைத்தான்.

வெல்டிங்கின் ஓரத்தில் ஒரு பிசிறு நின்றது. மேரி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறாங்க?" என்றான் கிருபாகரன்.

"பிஸ்டன் பாக்கும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அராவினான். அந்த முணுமுணுப்பிலும் மனைவியைப் பற்றிய பெருமை ஒளிந்திருந்ததை ரஞ்சித்குமார் கவனித்தான். சைலன்சரை உதறி, கழுவி, காற்றடித்து, மறுபடியும் உதறி, துருப்பிடிக்காத கம்பி வலையைப் புதிய வாயில் கழற்றி மாட்டும்படி ஸ்க்ரூ வைத்து முடுக்கினாள் மேரி. "கரி புடிச்சா கழட்டிச் சுத்தம் பண்ணு. தூக்கிப் போடாத" என்றாள். சிவப்புத் துணி வெளியே வந்தது. தட்டிலிருந்த போல்ட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின. தட்டு காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

அதன் பிறகு கார்புரேட்டர். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தாள். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு ஆயில் புதிதாகக் கலந்து ஊற்றினாள். சந்துக்கு வெளியே மணலில் கிடந்த கட்டையில் சிறிது நேரம் அறுத்து மிஷினைச் சூடாக்கினாள். "சில்லுனு இருக்கறப்ப சொல்றது எதையும் நம்பக் கூடாது" என்றாள். எல் என்று எழுதியிருந்த ஸ்க்ரூவைத் தொட்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் தயங்காமல் எழும்புமாறு செய்தாள். கையை எடுத்தால் செயின் அசையாமல் நிற்குமாறு அடுத்ததைத் திருப்பினாள். கடைசியில், எச் என்று எழுதியிருந்ததை, பெட்ரோல் கூடுதலாக வருமாறு இடப்பக்கம் திருப்பி, முழு வேகத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுத்தாள். வீறிடல் போய், மிஷின் விக்கியது. ரஞ்சித்குமாரின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, விக்குதே."

"வெறுமனே சுத்தறப்ப விக்கணும். இப்ப மரத்துல வை."

வைத்தான். செயின் கட்டையில் இறங்கிய கணமே விக்கல் நின்றது. தடையில்லாத, ஆழமான ஒரே குரலில் மிஷின் இறங்கிக்கொண்டே போனது. கட்டையை விட்டு எடுத்தான், மறுபடி விக்கியது. திரும்ப வைத்தான், நின்றது. விளையாட்டுப் பிள்ளையைப் போல அவன் அதைத் திரும்பத் திரும்பச் செய்தான்.

"போதும், கட்டைய வுட்டு வை. அடுத்தவனுக்கும் வேணும்" என்றாள் மேரி. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மறுநாள் தோப்பில் சீனு அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இன்னா மச்சான், சிங்கத்த இட்டுகினு போய் நோயாளிய இட்டுகினு வந்துகீற? இதுக்கு இருமல் டானிக் ஊத்தலாமா?" குழுவே சிரித்தது. ரஞ்சித்குமார் முதல் சில மரங்களை இறக்கினான். பொறி பறக்கவில்லை. தண்ணீர் டிரம்மையும் ஈரச் சாக்குகளையும் பக்கத்திலேயே இறக்கி வைத்திருந்தான். ராஜாராம் தொலைவில் நின்று பார்த்தார். விக்கலைக் கேட்டு அவருடைய புருவம் மட்டும் நெளிந்தது. அந்த நெளிவைச் சீனுவும் பார்த்துவிட்டான்.

அடுத்து வெட்ட வேண்டிய வரிசையைக் காட்டுவதற்காக ராஜாராம் ரஞ்சித்குமாரை அழைத்துக்கொண்டு தோப்பின் மறுகோடிக்கு நடந்தார். பாதி வழியில் ரஞ்சித்குமார் நின்றான். பின்னால் மிஷின் வீறிட்டது. நேற்று முன்தினம் அவனை மயிர்க்கூச்செறிய வைத்த அதே சத்தம். இன்று அது வேறொன்றாகக் கேட்டது: தண்ணீர் கேட்டுத் தொண்டை வறண்டு கத்தும் ஒரு வாயில்லாப் பிராணியாக.

ஓடினான். செருப்பு ஒன்று சருகில் கழன்று விழுந்தது. சீனுவின் கையிலிருந்த மிஷினின் ஸ்விட்சைப் பாய்ந்து அணைத்தான்.

"இன்னா மச்சான், பேஜாரு பண்ற! ஓனரு எதிர்ல மானம் போவுதுன்னு அந்த ஸ்க்ரூவ கொஞ்சம் முடுக்கினேன். எப்டி எகிறுது பாத்தியா?"

"எகிறல. செத்துகினு இருந்துது."

ராஜாராம் வந்து சேர்ந்தார். குழு முழுவதும் வேலையை விட்டுவிட்டு நின்றது. இப்போது ஸ்க்ரூவைத் திறந்துவிட்டால் மிஷின் எல்லார் எதிரிலும் மறுபடி விக்கும். ஓனர் பார்க்க, மரக்காணத்து ஆட்களின் பெயர் அவர் வாயில் தயாராக இருக்க. ரஞ்சித்குமார் மேரியின் தட்டை நினைத்துக்கொண்டான். வரிசை தப்பாமல் செய்வது என்று முடிவு செய்தான்.

மிதமிஞ்சிய சூடு மட்டும் தணியக் காத்திருந்தான். ஸ்டார்ட் செய்து, செயின் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தான். எச் ஸ்க்ரூவை இடப்பக்கம் திருப்பினான். மிஷின் விக்கியது. சீனு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். விழுந்து கிடந்த மரத்தில் வைத்தான், விக்கல் நிற்கவில்லை. மரத்துக்குள்ளும் விக்கியது. யாரோ சிரித்தார்கள். அதிகமாகத் திறந்துவிட்டோம் என்பது அவனுடைய காதுக்குத் தெரிந்தது. நகத்தளவு வலப்பக்கம் வந்தான். வைத்தான். இன்னும் ஒரு மயிரிழை. வைத்தான்.

விக்கல் நின்றது. அந்த ஆழமான ஒரே குரல் தோப்பு முழுவதும் பரவியது. மரம் ஈரத்தூளைக் கொட்டிக்கொண்டு இரண்டு துண்டானது. எடுத்தான், விக்கியது. ரஞ்சித்குமார் அணைத்துவிட்டு நிமிர்ந்தான். முன்பு சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை.

"அந்த விக்கல் இன்னாது?" என்று கேட்டார் ராஜாராம்.

"வயிறு ரொம்பி கீதுன்னு சொல்லுதுங்க. கோவளத்துல மேரியக்கான்னு ஒருத்தங்க. அவங்க கை." அதற்குமேல் சொல்ல அவனுக்குச் சொல் வரவில்லை. வந்திருந்தால், ஒரு எவர்சில்வர் தட்டைப் பற்றியும் சிவப்புத் துணியைப் பற்றியும் சொல்லியிருப்பான்.

ராஜாராம் சைலன்சரின் வாயிலிருந்த வலையைக் குனிந்து பார்த்தார். சருகைக் காலால் கிளறிப் பார்த்தார். தோப்பு வாசலைப் பார்க்க நடந்தார். பொழுது சாயும்வரை வேலை நடந்தது. ஒவ்வொரு முறை மிஷின் மரத்தில் இறங்கும்போதும் சீனு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாலையில் தண்ணீர் டிரம்மை வண்டியில் ஏற்றக் குனிந்தார்கள். தோப்பு வாசலிலிருந்து ராஜாராமின் குரல் வந்தது.

"அத எதுக்குய்யா ஏத்தறீங்க? நாளிக்கு மறுபடியும் எறக்கவா? அங்கியே கெடக்கட்டும்!"