பிஸ்கட் குடிலில் குழந்தையைக் காணோம்

எங்கள் பேக்கரியில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, கேக் பெட்டிக்கு ரிப்பன் கட்டுவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே வேலைதான். ஐசிங் மேசை என் மாமியாரின் ராஜ்ஜியம். கிட்டே போனால், "கை படாம நில்லுடி" என்பார். நின்றேன். எத்தனை நாள்தான் நிற்பது?

இந்த வருஷம் அத்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. போதாக்குறைக்குச் சர்க்கரை ஏறி, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார். இனிமேல் இனிப்பை வாயில் வைத்தால் கடைப்படி ஏறக் கூடாது என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். ஐசிங் மேசைக்கு வெளியிலிருந்து ஒரு மாஸ்டரைக் கொண்டுவரப்போவதாகவும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, கண்ணுக்குத் தெரியலையா மாமா?"

"சரிம்மா, கிறிஸ்துமஸ் ஷோகேஸை நீயே பண்ணு. நல்லா வந்தா மேசை உனக்கு. சொதப்பினா மாஸ்டர்தான். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது."

பிஸ்கட்டிலேயே குடில் செய்தேன். கெட்டி ஐசிங்கால் ஓரத்தில் கரை கட்டி, அது காய்ந்த பிறகு தளர்ந்த ஐசிங்கை உள்ளே விட்டு நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் யோசேப்பின் தாடி வழிந்து மாதாவின் முக்காட்டில் போய்ச் சேரும். சேர்ந்தது. அந்த மாதாவை நானே தின்று பாவத்தை முடித்தேன். மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு என் மாமனாரின் மூக்கு வந்துவிட்டது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆடுகளை ஆடுகள் என்று சொன்னால்தான் தெரியும்.

குழந்தையை மட்டும் ஆசை ஆசையாகச் செய்தேன். கருநீலத்தில் ஒரு போர்வை போர்த்தினேன்.

அத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "போர்வை வெள்ளையா இருக்கணும்டி."

"பனி வெள்ளை, ஆடு வெள்ளை, தேவதை வெள்ளை. குழந்தையும் வெள்ளைன்னா எங்க இருக்குன்னே தெரியாது அத்தை."

"நான் சொல்லி நீ எப்ப கேட்டிருக்கே?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஃபாதர் வந்து விளக்கைப் போட்டுத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. வாசலில் தெருவே கூடி நின்றது. மாமா திரையை விலக்கினார். வைக்கோல் இருக்கிறது, குழந்தையைக் காணோம். மாதாவும் யோசேப்பும் பயபக்தியோடு காலித் தொட்டியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குழந்தை எங்கம்மா?" என்றார் ஃபாதர்.

"இன்னும் பொறக்கல ஃபாதர். இருபத்தஞ்சாந்தேதிதானே?" என்று சமாளித்தேன்.

ஃபாதர் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. "நேத்து இங்கதானே கெடந்துச்சு, நான் பாத்தேனே! ஒரு பிஸ்கட்டைப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல, மேசை வேணுமாம் மேசை! நாளைக்கே மாஸ்டரை வரச் சொல்றேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தையைப் பார்த்தேன். இந்நேரம் மாமாவுக்கு மேலே கத்தியிருக்க வேண்டியவர், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார். யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்தே ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபாதர் வணக்கம் சொன்னபோதும் தலையைத்தான் ஆட்டினார். அவர் கையிலிருந்த காபிக் கோப்பையின் விளிம்பில் கருநீலமாக ஓர் உதட்டுத் தடம்.

அடிப்பாவி அத்தை!

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். நான் சொன்னால் எனக்கு மேசை கிடைக்கும், அவருக்குக் கடை போய்விடும். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பயந்துபோன அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. திரும்பி, ரிப்பன் சுருளைத் தேடிப் போனேன்.

"அவளைத் திட்டாதீங்க. குழந்தையைத் தின்னது நான்தான்."

திரும்பிப் பார்த்தேன். அத்தையின் நாக்கு, பல், ஈறு, எல்லாம் மைக்கூட்டைக் குடித்ததுபோல் நீலம். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபாதர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"உனக்கு அறிவிருக்காடி?" என்று மாமா அலறினார்.

"நாக்கும் இருக்கே! ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் நான் போட்ட ஐசிங் பூவைக்கூட நான் தின்னதில்ல. இவ போட்டதைத் தாண்டிப் போக முடியல. ஓரத்தைக் கிள்ளிப் பாத்துட்டு வெச்சிடலாம்னுதான் எடுத்தேன். கால் வரைக்கும் போயிடுச்சு. மேசையை இவகிட்டக் குடுங்க. நான் வேணா கடைக்கு வரல."

மாமா என்னைப் பார்த்தார், அந்த நீல வாயைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "மேசை அவளுக்கே. நீயும் வந்து தொலை. ஆனா அவ பக்கத்துல மட்டும் உக்காராதே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் காதோரம் குனிந்தார்.

"வெள்ளையாப் போடுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடி? இப்பப் பாரு, நான் மாட்டிக்கிட்டேன்."