இளைஞர் அணிச் செயலாளர்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் ஆலைத் தொழிற்சங்கத்தின் இளைஞர் அணிச் செயலாளர் நான்தான். சிரிக்காதீர்கள். பதினெட்டு வருடமாக யாரும் சிரித்ததில்லை, எனக்கும் பழகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிர்வாகிகள் தேர்வுக் கூட்டத்தில் பதவியை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காரணம், சோப்புத்தூள் ஆலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். அங்கே நாற்பது பேருக்கும் கழிப்பறை போக ஒரே ஒரு டோக்கன். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். இவள் ஒரு நாள் டோக்கனைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டு, எல்லோரையும் ஒரு மணி நேரம் வேலை செய்யாமல் உட்கார வைத்துவிட்டாள். திங்கட்கிழமை விசாரணை. வேலை போவது நிச்சயம். சங்க நிர்வாகி என்றால் மட்டும் நிர்வாகம் அவ்வளவு சுலபமாகக் கை வைக்க முடியாது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

"நான் விலகிக்கறேன். உன் பேரை நானே சொல்றேன். நீ வந்தா போதும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

"நிஜமாவா அண்ணா? அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லு."

பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே முக்காலுக்கே தோழிகள் ஆறு பேரோடு வந்துவிட்டாள். நாங்கள் பதினொன்றேகாலுக்கு ஆரம்பித்தோம். நாற்காலிகள் மூத்த தோழர்களுக்கே போதவில்லை என்று அந்தப் பெண்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். இரங்கல் தீர்மானம் ஒன்பது. அப்புறம் தலைவர், அந்தக் காலத்து வேலைநிறுத்தத்தில் தான் அடிவாங்கிய கதையைச் சொன்னார். வருடத்துக்கு ஓர் அடி கூடிக்கொண்டே போகிறது. அதன் பிறகு 'இளைஞர்களை ஈர்ப்பது எப்படி' என்று நான்கு பேர் பேசினோம். நால்வரில் இளையவன் நான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போராட்டக் குணமே இல்லை என்று பொருளாளர் வருத்தப்பட்டார். சுவரோரம் நின்ற ஏழு பேரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

நிர்வாகிகள் தேர்வு வரும்போது மணி இரண்டு.

"இளைஞர் அணிக்கு நம்ம தம்பியே தொடரட்டும்" என்றார் தலைவர். "தம்பி மாதிரி ஓடியாடி வேலை செய்ய இங்க யாரு இருக்கா?"

நான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றாள். இனி நான் எங்கே உட்காருவது என்று அந்த நொடியில்தான் யோசித்தேன். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆலையில் நான் ஆயிரத்தில் ஒருவன். பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொல்வது இந்த மேடையில் மட்டும்தான்.

"தோழர்களுக்கு நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கேவலமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

படியிறங்கும்போது அவளைப் பிடித்தேன். "அடுத்த தடவை கண்டிப்பா நீதாம்மா."

"அது எப்ப அண்ணா?"

"மூணு வருஷம்."

"வாடி போலாம், காலு வலிக்குது" என்று ஒரு தோழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

திங்கட்கிழமை வேலை போனது. செவ்வாய்க்கிழமை சங்கம் பொங்கி எழுந்தது. பொங்குவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'வீராங்கனையைப் பழிவாங்காதே' என்று கண்டனப் போஸ்டர் அடித்தோம். கீழே என் பெயரும் பதவியும். இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நானே தெருத் தெருவாக அலைந்தேன்.

வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். சுவரில் தன் முகத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துக் கம்பெனியில நாளைக்கே வந்து சேருன்னாங்க அண்ணா. சாயங்காலம் போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. போஸ்டர்ல இருக்கறது நீதானேன்னு கேட்டாங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் எங்கெல்லாம் ஒட்டியிருக்கீங்க?"

ஆலை இருக்கிற தெரு ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

"முந்நூறு" என்றேன்.

அவள் மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் நின்று சுரண்டினேன். பசை நானே காய்ச்சியது. லேசில் வரவில்லை.