அஞ்சு வருஷம்னு யார் சொன்னது?

நான் நாற்காலிகளை உடைக்கிற வேலை பார்க்கிறேன். வேடிக்கைக்கு இல்லை, சம்பளத்துக்கு. நாற்காலி செய்யும் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் எண்பது கிலோ எடையுள்ள இரும்புப் பிட்டம் ஒன்று இருக்கிறது. அது நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும், எழும், மறுபடி உட்காரும். ஒரு லட்சம் தடவை தாங்கினால் அந்த ரகம் கடைக்குப் போகும். தாங்காவிட்டால் எத்தனையாவது தடவையில் உடைந்தது என்று நான் எழுதி வைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். அதனால் யாராவது ஒரு பொருளைக் காட்டி "இது இத்தனை வருஷம்தான் வரும்" என்று அடித்துச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். உட்காரவைத்துப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் கோபம் வந்தது.

என் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மாலை ஆறு மணி ஆனால் இருவரும் அவரவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே கேமை விளையாடுவார்கள். மகள், அவளுடைய தோழிகள் இருவர், இவர் என்று நான்கு பேர் கொண்ட டீம். கடலிலிருந்து வரும் இயந்திரங்கள் துறைமுகத்தைப் பிடித்துவிடாமல் காக்க வேண்டும். அவ்வளவு பெரிய கடலைத் தாண்டி வருகிறவை நாலு மணல் மூட்டையைத் தாண்ட ஏன் திணறுகின்றன என்று கேட்டேன். இரண்டு பேரும் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மற்ற நாட்களில் அப்பாவும் மகளும் போனில் பேசுவது "சாப்டியா", "சாப்டேன்", "சரி வச்சிடறேன்" என்பதோடு முடிந்துவிடும். அவளுக்குப் பல்வலி, அவளுடைய மேலாளர் ஒரு சிடுமூஞ்சி, வாடகை வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்பதெல்லாம் துறைமுகத்தைக் காக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இவர் காதுக்கு வரும். வாரம் முழுக்க இவர் காத்திருப்பது அதற்குத்தான். கேம் ஒரு சாக்கு.

அன்று மூன்றாவது வாரமாகத் தோற்றார்கள். மூன்று தடவையும் இவர் நின்ற பக்கம்தான் உடைந்தது. இன்னும் மூன்று வாரத்தில் பெரிய போட்டி.

"உங்க மேல தப்பில்லப்பா," என்றாள் மகள் ஸ்பீக்கரில். "கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. கேமிங் கம்ப்யூட்டர் அஞ்சு வருஷம்தான் தாங்கும், உங்களோடது ஏழு வருஷம் ஓடிடுச்சு. போட்டிக்குள்ள மாத்திடுங்க. இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இந்த ஒரு போட்டிக்கு மட்டும் மூக்குறிஞ்சிய சேத்துக்கலாம்னு இவங்க சொல்றாங்க."

மூக்குறிஞ்சி அவள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். நாங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, மைக்கில் மூக்கை உறிஞ்சும் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறோம். 'இந்த ஒரு போட்டிக்கு மட்டும்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தற்காலிகமாக என்று சொல்லி எடுத்துவைத்த எந்த நாற்காலியும் திரும்ப அதே இடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகம் விழுந்துவிட்டது.

நான் குறுக்கே புகுந்தேன். "அஞ்சு வருஷம்னு யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா."

"எல்லாரும்னா யாரு? எத்தன கம்ப்யூட்டர ஓட்டிப் பாத்தாங்க?"

"ஐயோ, அம்மா வந்துட்டாங்க. அப்பா, நான் அப்புறம் பேசறேன்."

மறுநாள் விசாரிக்கக் கிளம்பினேன். கீழ் வீட்டுக்காரர் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு வருடம் என்றார். இணையத்தில் நாலு என்றார்கள், ஆறு என்றார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்று வருடம் என்று யோசிக்காமல் சொன்னார்.

"எத வச்சு சொல்றீங்க?"

"அனுபவம்தாம்மா."

"உங்க கடையில பில் போடற கம்ப்யூட்டர் எவ்வளவு நாளா ஓடுது?"

அவர் திரும்பி அதைப் பார்த்தார். "அது ஆச்சும்மா, பதினோரு வருஷம். ஆனா அது பில்லு போடறதுக்கு. கேம்னா வேற."

அந்த 'வேற' என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஒரே மாதிரி இரும்பு, ஒரே மாதிரி ஒயர். ஒன்று பதினோரு வருடம் ஓடுகிறது, இன்னொன்றுக்கு மூன்று வருடம்தான் என்றால் நடுவில் எதுதான் தேய்கிறது?

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றினேன். பக்கத் தகட்டின் உள்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினைந்து வயதில் மகள் அப்பாவோடு சேர்ந்து சாப்பாட்டு மேசையில் வைத்து இதைப் பாகம் பாகமாகப் பூட்டினாள். பூட்டி முடித்த அன்றே ஒரு சோதனை ஓட்டி, பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். 'நொடிக்கு 86 படம். ஸ்க்ரூ முடுக்கியது அப்பா.' கம்ப்யூட்டர் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதுதான் அதன் பலம். எண்ணிக்கை குறைந்தால் ஆட்டம் திக்கும். எனக்கு அந்தத் தாள் கிடைத்தது புதையல் கிடைத்த மாதிரி. முதல் நாள் அளவு இல்லாமல் எந்தச் சோதனையும் சோதனையே இல்லை.

அதே சோதனையை ஓட்டினேன். நாற்பத்தொன்று.

"பாத்தியா, செத்துடுச்சு," என்றார் இவர். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது விநோதமாகப் பட்டது, ஆனால் கேட்கவில்லை.

"பாதிதான் செத்திருக்கு. எதனாலன்னு பாக்கலாம், இருங்க."

உள்ளே தூசி கம்பளி மாதிரி மெத்தென்று படிந்திருந்தது. காற்றாடிகளில் ஒன்று முனகிக்கொண்டே சுற்றியது. சூட்டைக் கடத்துவதற்காகச் சிப்பின் மேல் தடவும் பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. தூசியைத் தட்டி, காற்றாடியை மாற்றி, புதுப் பசை தடவி ஓட்டினோம். எண்பத்து மூன்று.

"ஏழு வருஷத்துல மூணே மூணு படம் கொறஞ்சிருக்கு," என்றேன். "நாம ரெண்டு பேரும் இதவிட அதிகமா கொறஞ்சிட்டோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் தொழிற்சாலையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன். நாற்காலி தேய்கிற மாதிரி இது தேய்வதில்லை. காற்றாடி தேயும், பசை காயும், தூசி அடையும், அவ்வளவுதான். மாறுவது கேம்கள். வருடா வருடம் அவை கனத்துக்கொண்டே போகின்றன. என் இரும்புப் பிட்டத்தின் எடையை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் நாற்காலிக்கு வயதாகிவிட்டது என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? ஐந்து வருடம் என்பது நாற்காலியின் கணக்கே இல்லை, உட்காருகிறவரின் கணக்கு. இவர்கள் விளையாடும் கேமில் நிழல், புகை போன்ற அலங்காரத்தைக் குறைத்துவைத்தால் எங்கள் கம்ப்யூட்டர் நொடிக்கு அறுபது படம் தந்தது. துறைமுகத்தைக் காக்க அது தாராளம்.

அடுத்த சனிக்கிழமையும் தோற்றார்கள். உடைந்தது இவர் பக்கம்தான்.

"புதுசே வாங்கிடலாம்பா," என்றாள் மகள்.

"கம்ப்யூட்டர் மேல கை வைக்காதீங்க. அது பாஸ்," என்றேன் நான்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி சரியாக இருந்தும் அளவு தப்பாக வந்தால், உட்காரும் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். நான் திரும்பி இவரைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை கேமின் பயிற்சிக் களத்தில் உட்காரவைத்தேன். திரையின் இரண்டு பக்கமும் மாறி மாறி இலக்குகள் தோன்றும், கண்டதும் சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று கேமே பட்டியல் போட்டுத் தரும். இருநூறு இலக்குகள். சுடாமல் விட்டவை முப்பத்தொன்று. கொட்டாவி விட்டிருப்பார் என்று அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டி வகுத்தேன். சராசரி கிட்டத்தட்ட அரை நொடி. மகளைக் கேட்டேன், அவளுடையது நொடியில் மூன்றில் ஒரு பங்கு.

"கண்டுபுடிச்சிட்டேன்," என்றேன். "வயசானது கம்ப்யூட்டருக்கு இல்ல, உங்களுக்குத்தான்."

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சாயங்காலம் மேசையில் கிடந்த அவர் போனில், மகளுக்கு அனுப்பியிருந்த செய்தி கண்ணில் பட்டது. 'மூக்குறிஞ்சியே விளையாடட்டும்மா. எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தற வேலை நிறைய இருக்கு.' அப்போது பள்ளியில் பரீட்சை எதுவும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றபோது அவர் குரலில் இருந்த நிம்மதிக்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. பழியைப் பெட்டி மேல் போட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்திருந்தவரை என் வாய்தான் எழுப்பி விரட்டியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம், சொன்னது சொன்னதுதான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வெல்டர் தோழியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். நான் உடைக்கும் நாற்காலிகளை ஒட்டிக் கொடுப்பவள் அவள். பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கேம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாய் நிறைய சோற்றோடு பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"எந்தக் காலு?"

எங்கள் கூடத்தில் நாற்காலி உடைந்தால் முதல் கேள்வி அதுதான். எந்த நாற்காலியும் சராசரியாக உடைவதில்லை. மூன்று கால் கல்லு மாதிரி நிற்கும், ஒன்று முறியும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நாற்காலிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் என் கணவர் விஷயத்தில் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, விட்டுப்போன முப்பத்தொன்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவிட்டிருந்தேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

பேனாவை எடுத்து இடம் வேறு, வலம் வேறு என்று பிரித்தேன். வலப்பக்கம் நூற்று நாலு இலக்குகள், ஒன்றுகூடத் தப்பவில்லை. சராசரி மகளுடையதைவிடக் குறைவு. இடப்பக்கம் முக்கால் நொடி. விட்டுப்போன முப்பத்தொன்றும் இடப்பக்கம்.

இவருடைய இடது தோளில் எப்போதும் ஒரு கன்றிப்போன தடம் இருக்கும். கதவு நிலையில் இடித்துக்கொண்டு வருவார். "கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளி வாசலில் போய் நின்றேன். இவர் வந்ததும் பட்டியலைக் காட்டி, கண் டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"எனக்கு நல்லாத்தானே தெரியுது," என்றார். "கடைசி பெஞ்சுல எவன் தூங்கறான்னுகூட சொல்லுவேன்."

"எந்தப் பக்கத்துக் கடைசி பெஞ்சு?"

வலது கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கையையே பார்த்தார். பிறகு, "வா, போகலாம்," என்றார்.

கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சிறு வெளிச்சம் தோன்றும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே வந்தவர், "இதுவும் கேம்தான், ஆனா ஸ்கோர் சொல்ல மாட்டேங்கறாங்க," என்றார்.

ஸ்கோரை டாக்டரம்மா சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடப்பக்கம் அதிகம். போன இடத்தை மூளை தானாக நிரப்பிக் காட்டிவிடுவதால் நோய் உள்ளவருக்குத் தெரியாது. போனது திரும்பாது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"பொதுவா ரொம்ப லேட்டாத்தான் வருவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கம்ப்யூட்டர மாத்தணுமான்னு பாத்தோம் டாக்டர்," என்றார் இவர்.

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மிச்சம் இருக்கறது எத்தன வருஷம் தாங்கும்?"

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. மருந்து போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க, அளந்து அளந்து பாத்துக்கலாம்."

எண் எதையும் சொல்லாத அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மகளிடம் சொல்லக் கூடாது என்றார் இவர். "பாவம்னு சேத்துக்கிட்டா எனக்கு வேண்டாம்." அவர் குளிக்கப் போனதும் நான் போன் செய்துவிட்டேன். மகள் விசும்பும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பட்டியல போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. இடம் வலம் பிரிச்சது," என்றாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "அப்பா, உள்ள வாங்க. எல்லாரும் வெயிட் பண்றோம்."

"மூக்குறிஞ்சி?"

"அவன் வெளிய உக்காந்து பாக்கறான். உங்க பட்டியலப் பாத்தோம். வலப்பக்கத்துல நம்ம டீம்லயே நீங்கதான் ஃபாஸ்ட், என்னவிடவே ஃபாஸ்ட். அதனால நீங்க நேராவும் வலப்பக்கமும் மட்டும் பாருங்க. இடப்பக்கம் திரும்பவே வேண்டாம். அங்க நான் நிக்கறேன்."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். திரையில் கடல் விரிந்தது, தூரத்தில் இயந்திரங்கள் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தன. மகள் சொன்ன மாதிரியே கண்ணை நேராக வைத்துக்கொண்டு, மைக்கைக் கையால் பொத்தி, என்னிடம் கேட்டார்.

"வந்துட்டாளா?"

திரையின் இடது ஓரத்தைப் பார்த்தேன்.

"வந்துட்டா," என்றேன்.